இரண்டு விரல் அகலக் கறுப்பு

ஸ்காபரோ,
08.06.2025

அன்புள்ள லெஸ்லி மாஸ்டருக்கு,

நானும் குணவதியும் இங்கே சுகம். அவளுடைய வலது முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மெல்பேர்ணில் நீரும் மகள் நிலாணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உம்முடைய அம்மா போய் நான்கு மாதம் ஆகப் போகிறது. தொண்ணூற்றைந்து வயது, படுக்கையில் வருத்தப்படாமல் போனா என்று எல்லாரும் உமக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அந்த ஆறுதல் எவ்வளவு நாளைக்குக் காணும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு கதிரை சும்மா கிடக்கும்போது அதில் இருந்தவருக்கு எத்தனை வயது என்று நாங்கள் பார்ப்பதில்லை.

தொலைபேசியில் கதைக்கலாம் என்றால் உமக்கு இடது காது கேட்காது, எனக்கு வலது காது. போன தடவை நாங்கள் இருவரும் கதைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரன் கட்டடக் காவலாளியைக் கூப்பிட்டுவிட்டான். ஆனபடியால் எழுதுகிறேன். உள்ளதைச் சொன்னால், கோபத்தில் எழுதுகிறேன்.

கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் ரொறன்ரோக் கிளை இந்த வருடம் உதைபந்தாட்ட அணிக்குப் புதுச் சட்டை அடிக்கிறது. ஓகஸ்ட் மாதம் வழமைபோல எல்லாக் கல்லூரிகளின் பழைய மாணவர்களும் மோதும் சுற்றுப்போட்டி. நேற்று அதற்கான கூட்டம். தலைவர் தயாபரன். உம்மிடம் ஆங்கிலம் படித்து மூன்று தடவை பெயிலான அதே தயாபரன்தான். இப்போது ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி, கூட்டத்தை ஆங்கிலத்தில்தான் நடத்துகிறான்.

புதுச் சட்டையை வரைந்தது அட்சயா என்ற பிள்ளை. எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் மகள், வடிவமைப்புப் படித்தவள், கெட்டிக்காரி. திரையில் சட்டையைக் காட்டினாள். போத்தல் பச்சை இருக்கிறது. வெள்ளைக் கழுத்து இருக்கிறது. இடது கையில் கறுப்புப் பட்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு மனிதனின் சிரித்த முகமும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. வீடு விற்றுக் கொடுக்கும் தம்பி ஒருவர். பேருந்துத் தரிப்பிட வாங்குகளிலெல்லாம் அவருடைய விளம்பரம், அவருடைய முகத்தின் மேல்தான் நாங்கள் இருக்கிறோம். இனி எங்கள் கையிலும் அவர்தான்.

எழும்பிக் கேட்டேன். தயாபரன் சொன்னான், “அண்ணை, உது ஸ்பொன்சர். அவர் முகத்தை நெஞ்சிலை போடச் சொல்லித்தான் கேட்டவர். நான் மல்லுக்கட்டிக் கைக்குக் கொண்டு வந்தனான்” என்று. சங்கத்துக்கு வந்தபின் அவனுக்கு நான் சேர் இல்லை, அண்ணை. ஏதோ எனக்கு உதவி செய்ததுபோலச் சொன்னான்.

நான் அவர்களுக்குக் கிளிபோட்டின் கதையைச் சொன்னேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தும். 1979ஆம் ஆண்டு. லெஸ்லி மாஸ்டரின் தம்பி கிளிபோட், பதினேழு வயது, அணித் தலைவன். சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தான். சந்தியில் லொறி மோதியது. நான் அப்போது கணக்கு ஆசிரியர், உதைபந்தாட்ட அணிக்கும் பொறுப்பு. அடுத்த போட்டிக்கு எல்லாருடைய இடது கையிலும் இரண்டு விரல் அகலத்தில் கறுப்பு நாடா தைத்து இறக்கினோம். அன்றைக்கிருந்து அது எங்கள் சட்டையின் பகுதி. பச்சை எப்படியோ, வெள்ளை எப்படியோ, அப்படித்தான் அந்தக் கறுப்பும்.

இந்த வருட அணித் தலைவன் அபிஷன் நல்ல பிள்ளை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, “அப்பிடியா அங்கிள்? கண்ணூறு நாவூறு படாமல் இருக்கத்தான் கறுப்பு எண்டு அப்பா சொன்னவர்” என்றான். இன்னொருவன் தன் சட்டையில் அழுக்குத் தெரியாமல் இருக்கத்தான் என்று நினைத்தானாம். அட்சயா மட்டும் மெல்லிய குரலில் கேட்டாள்: “ஒரு பிளேயர் இறந்தா ஒரு மட்சுக்கு ஆம்பாண்ட் போடுவினம் அங்கிள். ஃபோர்ட்டி சிக்ஸ் இயர்ஸ்?”

நான் ஓர் உதாரணம் சொன்னேன். சமன்பாட்டில் பிடிக்காத உறுப்பு ஒன்று இருக்கிறது என்று அதை அழிரப்பரால் அழித்துவிட்டு விடை வந்துவிட்டது என்று சொல்லலாமா? தயாபரன் சிரித்தான். “அண்ணை, எனக்குக் கணக்கும் ஓடாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். வடை வந்தது. விடயம் அடுத்த கூட்டத்துக்குப் போனது.

இவர்களுக்கு நிறம் என்றால் கடையில் தெரிவு செய்வது என்ற எண்ணம். சுற்றுப்போட்டியின் விதிப் புத்தகத்தை நான்தான் எழுதினேன். இரண்டு அணிக்கும் ஒரே நிறம் வந்தால் எது மாற்ற வேண்டும், கோல் காப்பாளர் என்ன நிறம், காலுக்குப் போடும் மேஸ் என்ன நிறம் எல்லாம் அதில் இருக்கிறது. கறுப்புப் பட்டியைக் கழற்றக் கூடாது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். காற்றை நிறுத்தக் கூடாது என்று யாராவது விதி எழுதுவார்களா என்ற நினைப்புத்தான்.

மாஸ்டர், உம்மிடம் ஒன்று கேட்கிறேன். சங்கத்துக்கு நீர் இரண்டு வரி எழுதும். அண்ணன் நீர் எழுதினால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். அம்மா இருந்திருந்தால் அவவிடமே கேட்டிருப்பேன். வருடா வருடம் அணியின் படத்தை அவவுக்கு அனுப்பினேன் அல்லவா? இடது கைகள் எல்லாம் தெரிய வேண்டும் என்று பிள்ளைகளைச் சரித்து நிற்கவைத்தல்லவா எடுப்பித்தேன்? அடுத்த மாதம் முதல் கிழமை முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன் எழுதும்.

நிலாணிக்கு எங்கள் அன்பு.

உம் நண்பன்,
பொன்னம்பலம்


ஸ்காபரோ,
06.07.2025

லெஸ்லி மாஸ்டருக்கு,

உம்மிடமிருந்து பதில் இல்லை. ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறக்கிறேன். பீற்சா விளம்பரம், பல் வைத்தியர் விளம்பரம், எங்கள் சட்டைக் கைக்காரரின் சிரித்த முகம். அவ்வளவுதான்.

குணவதியின் முழங்காலைப் படம் பிடித்தார்கள். எலும்பு தேய்ந்திருக்கிறதாம். அறுபத்தெட்டு வயதில் தேயாத எலும்பு யாருக்கு இருக்கிறது என்று வைத்தியரிடமே கேட்டுவிட்டு வந்தாள். வெயில் தாங்க முடியவில்லை. வீட்டுக்குள் குளிரூட்டி ஒரு மூலையில் இரைகிறது, நான் மற்ற மூலையில்.

நேற்றுக் கூட்டம் முடிந்தது. பட்டியை எடுப்பது என்று ஒன்பது கை உயர்ந்தது, வேண்டாம் என்று ஒரு கை. அந்த ஒரு கை எதுவென்று சொல்லத் தேவையில்லை. அதையும் முழுதாக உயர்த்த முடியவில்லை, தோள் பிடித்திருக்கிறது.

அட்சயா என்னிடம் வந்து, பட்டியை உள்ளே, கழுத்துக்குக் கீழே, தெரியாத மாதிரிச் சின்னதாக வைக்கட்டுமா என்று கேட்டாள். நல்ல மனது. தெரியாமல் வைப்பதற்கு எதற்கு வைப்பது என்று சொல்லி அவளையும் முறித்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டது தயாபரன். அடுக்குமாடிக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தான். பிறகு தன் தொலைபேசியை எடுத்து நீட்டினான். “அண்ணை, இதை உங்களுக்குக் காட்ட வேண்டாம் எண்டு சொல்லித்தான் எழுதியிருந்தவர். நீங்கள் எங்களைத் திட்டிறதைக் கேட்டுக்கொண்டு எனக்கு இதை வைச்சிருக்க ஏலாமல் கிடக்கு” என்றான்.

ஏப்ரல் பதினான்காம் தேதி நீர் சங்கத்துக்கு எழுதிய மின்னஞ்சல். நிலாணி தட்டச்சு செய்திருப்பாள், ஆனால் வசனம் உம்முடையது. காற்புள்ளி வைக்கும் இடத்தில் தெரிகிறது. அம்மா கடைசிக் கிழமையில் சொன்னாவாம், அந்தக் கறுப்பை இனிக் கழற்றச் சொல்லுங்கோ என்று. குடும்பத்தின் விருப்பமும் அதுதானாம். பொன்னம்பலம் மாஸ்டருக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாமாம். கடைசி வரி: “அவருக்காகவும்தான் கேட்கிறேன்.”

மாஸ்டர், நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ஐம்பது வருடமாக நானும் நீரும் பழகுகிறோம். ஆசிரிய கலாசாலையில் ஒரே அறை. உம்முடைய கலியாணத்துக்கு நான் மாப்பிள்ளைத் தோழன், வேதக்காரக் கலியாணத்தில் தேவாலயத்துக்குள் எங்கே நிற்பது என்று தெரியாமல் பெண்வீட்டார் பக்கம் நின்றவன். எனக்கு ஒரு வரி எழுத முடியாமல், உம்மிடம் மூன்று தடவை பெயிலானவனுக்கு எழுதினீரா? ஜூன் மாதம் நான் இரண்டு பக்கம் எழுதி உம்மைக் கெஞ்சினேன். அதை வாசித்துக்கொண்டு சும்மா இருந்தீர். ஊரில் கல்லூரி அணியே பத்து வருடத்துக்கு முன் பட்டியை விட்டுவிட்டதாம். “இஞ்சை நீங்கள் இருக்கிறபடியாத்தான் அண்ணை இவ்வளவு நாளும் இருந்தது” என்று தயாபரன் சொல்கிறான். எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது. வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவன் நான்தான் போலிருக்கிறது.

எனக்காகவா? எனக்காகக் கழற்றச் சொல்லி நான் உம்மிடம் எப்போது கேட்டேன்?

இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் இந்தத் தாளை மேசையில் வைத்திருந்தேன். ஒட்டி அனுப்பிவிடலாம் என்று எடுத்தபோதெல்லாம் அந்தக் கடைசி வரி கையைப் பிடிக்கிறது. இப்போது எட்டாம் தேதி. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

ஓர் உதாரணம். வகுப்பில் சில பிள்ளைகள் விடையைச் சரியாக எழுதியிருப்பார்கள், ஆனால் செய்முறையை மறைத்துவிடுவார்கள். நான் அவர்களுக்குப் புள்ளி போட்டதில்லை. எங்கிருந்து வந்தது விடை என்று கேட்பேன். நாற்பத்தாறு வருடமாக நானும் அப்படி ஒரு விடையைத்தான் உமக்கும் ஊருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

கிளிபோட் அன்று மைதானத்துக்கு வந்துகொண்டிருக்கவில்லை. வந்து சேர்ந்துவிட்டான்.

காலை ஆறு மணி. நீர் விடைத்தாள் திருத்தக் கொழும்பில் நின்றீர். மைதானத்தில் நானும் அவனும் மட்டும். மற்றப் பிள்ளைகள் இன்னும் வரவில்லை. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்தான். பச்சைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, சாம்பல் நிற மேஸ். பச்சை மேஸ் தோய்த்துக் கொடியில் கிடக்கிறது சேர், இன்றைக்கு மட்டும் என்றான். பயிற்சிதான். போட்டிகூட இல்லை. நான் சொன்னேன்: பச்சைச் சட்டைக்குப் பச்சை மேஸ். தலைவன் ஒருநாள் சாம்பல் போட்டால் நாளைக்குப் பத்துப் பேரும் பத்து நிறத்தில் வருவார்கள். போய் மாற்றிக்கொண்டு வா.

அவன் சிரித்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். ஏழு மணிக்கு ஆள் வந்து சொன்னது.

வீட்டுக்குப் போகும் வழியில் என்பதை மைதானத்துக்கு வரும் வழியில் என்று மாற்றிச் சொன்னேன். முதலில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிறகு அதிபருக்கு. அடுத்த நாள் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய உமக்கு. அதன்பிறகு மாற்ற முடியவில்லை. நாடாவை நான்தான் கடைக்குப் போய் வாங்கினேன். வருடம் முடிந்ததும் கழற்றலாம் என்று அதிபர் சொன்னார். நான் விடவில்லை. எவ்வளவு பற்று இந்த மாஸ்டருக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். உம்முடைய அம்மாவும் கையைப் பிடித்துச் சொன்னா.

குணவதிக்கு இதை முந்தாநாள்தான் சொன்னேன். இப்போது உமக்கு. இனி எழுதுவதும் எழுதாமல் விடுவதும் உம்முடைய விருப்பம்.

பொன்னம்பலம்


ஸ்காபரோ,
27.08.2025

அன்புள்ள லெஸ்லி,

உம்முடைய கடிதம் இந்த மாதம் பத்தாம் தேதி கிடைத்தது. பதினேழு நாள் பதில் எழுதாமல் இருந்தது உம்மைப் பழிவாங்க அல்ல. நாலு தாள் கிழித்துப் போட்டேன்.

கடிதத்தை முதல் தடவை நின்றுகொண்டே வாசித்தேன், தபால் பெட்டிக்குப் பக்கத்தில். இரண்டாம் தடவை குணவதிக்குச் சத்தமாக வாசித்தேன், பாதியில் அவள் வாங்கி மிச்சத்தை வாசித்தாள்.

நீர் எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். கிளிபோட் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். “அம்மா, மாஸ்டர் மேஸை மாத்திக்கொண்டு வரச் சொல்லி வீட்டுக்குக் கலைச்சுப்போட்டார்” என்று சிரித்திருக்கிறான். கொடியில் கிடந்த பச்சை மேஸ் காயவில்லை. ஈரத்தோடை போடாதையடா, காய்ச்சல் வரும் என்று அம்மா சொல்லியிருக்கிறா. அவன் அரைக் கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஈரத்தோடே போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான். சந்திக்கு வந்தபோது அவன் காலில் பச்சை மேஸ்தான் இருந்தது.

ஆறு ஐந்துக்கு மைதானத்தை விட்டுப் போனவன். வீட்டுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். லொறி மோதியது ஆறு நாற்பதுக்கு. அவன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறான் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தேன். இந்த ஒன்றை நான் செய்து பார்க்கவில்லை. பிணத்தின் முகத்தைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. நான் சொன்ன பொய் உண்மையாகவே நடந்தது. இதற்கு ஓர் உதாரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போது என் கோபத்தைச் சொல்லுகிறேன். நீர் கேட்கத்தான் வேண்டும்.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். நான் வந்து முன்னால் இருந்து, வந்துகொண்டிருந்தவன் அம்மா, வந்துகொண்டிருந்தவன் என்று சொல்லும்போதெல்லாம் தெரியும். ஒருநாள் கூட வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் பால்தேத்தண்ணி போட்டுத் தந்து, சீனி காணுமோ மாஸ்டர் என்று கேட்டா. நான் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது, போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கோ என்றா. நான் அனுப்பிய படங்களை எடுத்துப் பார்க்காமல் மேசை இலாச்சிக்குள் குப்புற வைத்துவிட்டு, “பாவம், அந்த மாஸ்டர் இன்னும் இறக்கி வைக்கேல்லைப் போலை” என்று சொல்லுவாவாம். இதை நீர் எவ்வளவு அமைதியாக எழுதியிருக்கிறீர். இருபத்தெட்டுப் படம் அனுப்பினேன். இடது கையைச் சரித்துச் சரித்து நிற்கவைத்து இருபத்தெட்டுப் படம்.

ஒரு தடவை என்னை ஏசியிருக்கலாமே. வாசலில் நிறுத்தி, மேஸுக்காகத்தானே என் பிள்ளையை அனுப்பினாய் என்று கேட்டிருக்கலாமே. நான் விழுந்திருப்பேன், பிறகு எழும்பியிருப்பேன். இப்படிச் சீனி காணுமோ என்று கேட்டுக்கேட்டு ஒரு மனிதனை நாற்பத்தாறு வருடம் இருத்தி வைப்பார்களா? போனவவைப் பற்றி இப்படி எழுதுகிறேன் என்று நினைக்காதேயும். அவவிடம் கோபிக்க வேறு இடம் எனக்கு இல்லை. கடைசியில், அவருக்கும் வயது போய்விட்டது, இனிக் கழற்றச் சொல்லு என்று சொன்னாவாம். அதையும் நீர் என்னிடம் சொல்லவில்லை, தயாபரனிடம் சொன்னீர்.

சரி. சுற்றுப்போட்டிச் செய்தியையும் கேளும்.

இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை. எனக்கு வருடா வருடம் தரும் வேலை, மைதான வாசலில் கதிரை போட்டு இருந்து எங்கள் அணியின் உடையைச் சரிபார்ப்பது. நிறம், இலக்கம், மேஸ். புதுச் சட்டையில் பதினொரு பேரும் வரிசையாக வந்தார்கள், பதினொரு கையிலும் அந்தத் தம்பி சிரித்துக்கொண்டு. அபிஷன் கடைசியாக வந்தான். கறுப்பு மேஸ். பச்சை மேஸை வீட்டுக் கதவடியில் வைத்துவிட்டு வந்துவிட்டானாம். “ஃபைவ் மினிற்ஸ் அங்கிள், வீடு பிக்கரிங்கிலைதானே. நாலு-பூச்சியம்-ஒண்டு ஹைவேயிலை ஏறி இறங்கிற தூரம். எடுத்துக்கொண்டு ஓடி வாறன்” என்று கார்த் திறப்பைக் கையில் எடுத்துவிட்டான்.

நான் அந்தத் திறப்பைப் பறித்தேன். உண்மையாகவே பறித்தேன், லெஸ்லி. போக வேண்டாம், இப்படியே விளையாடு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். “ஆர் யூ ஓகே, அங்கிள்?” என்றான். திறப்பை என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மத்தியஸ்தரின் தாளில் எல்லாம் சரி என்று ஒப்பமிட்டேன்.

அரையிறுதி. ஒன்றுக்குப் பூச்சியம், எங்கள் வெற்றி. அடித்தது அபிஷன், அந்தக் கறுப்பு மேஸ் காலால்தான். பத்து நிமிடத்தில் மற்றக் கல்லூரி முகாமையாளர் விதிப் புத்தகத்தோடு வந்தார். விதி நான்கு: பதினொருவரும் பதிவுசெய்த நிறத்தில், மேஸ் உட்பட, மீறினால் ஆட்டம் எதிரணிக்கு. அதை எழுதியவன் நான். எழுதியதற்கு அர்த்தம் என்ன என்று என்னிடமே வந்து கேட்டார்கள். எழுதியபடிதான் அர்த்தம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஆட்டத்தைக் கொடுத்துவிட்டோம்.

தயாபரன் தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் இருந்துவிட்டான். “எங்களையெல்லாம் மேஸுக்காக மைதானத்தைச் சுத்தி ஓட விட்டனீங்கள் அண்ணை. ஒரு நாள் விட்டுக் குடுத்தனீங்களோ? இண்டைக்குத்தானோ உங்களுக்கு இரக்கம் வரவேணும்?” என்றான். அபிஷன் திறப்பை வாங்க வந்தபோது முகத்தைப் பார்க்காமல், “யூ ஹாட் வன் ஜொப், அங்கிள்” என்றான். கார் போனபிறகு அட்சயா எனக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டுவந்து தந்துவிட்டு, பக்கத்தில் நின்றாள்.

வீட்டுக்கு வந்தால் குணவதி கேட்கிறாள், வாங்கில் மாற்று வீரர் நாலு பேர் பச்சை மேஸோடு சும்மா இருந்திருப்பார்களே, ஒருவனிடம் கழற்றி வாங்கியிருக்கலாமே என்று. நாலு நாளாகக் கேட்கிறாள். எனக்கு அது தோன்றவேயில்லை. அவனைக் காரில் ஏறவிடக் கூடாது என்பது ஒன்றுதான் தோன்றியது. அடுத்த வருடம் வாசலில் வேறு ஆளை இருத்தப் போகிறார்களாம். நியாயம்தான். நான் இருந்தாலும் இனி ஒரு பிள்ளையின் காலை என்னால் குனிந்து பார்க்க முடியாது.

உம்முடைய கடிதத்தில் மூன்று இடத்தில் மன்னிப்பு என்ற சொல் வருகிறது. மூன்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளும். நீர் நல்லவர், அம்மா நல்லவ, அது எனக்கு இப்போது நன்றாக விளங்கிவிட்டது. என்னால் தாங்க முடியாதது அதுதான். என்னைக் கோபித்து ஒரு கடிதம் எழுதும். குறைந்தது இரண்டு பக்கம். மற்ற எல்லாருக்கும் நீர் ஆங்கில ஆசிரியராக இருக்கலாம். இதை மட்டும் கிளிபோட்டின் அண்ணனாக எழுதும். தமிழில் எழுதும். வாசித்து முடித்ததும் நான் உமக்குத் தொலைபேசி எடுக்கிறேன், உம்முடைய வலது காதை வைத்துக் கேளும். காவலாளி வந்தால் வரட்டும்.

இன்னொன்று. 79இல் நான் போட்ட சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த நாடாவைத் தைத்தது குணவதி. அப்போது எங்களுக்குக் கலியாணம் முடிந்து மூன்று மாதம். நேற்றுச் சட்டையை எடுத்துக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சவர பிளேட்டால் ஒவ்வொரு தையலாக அறுத்தாள். ஒரு மணித்தியாலம் எடுத்தது. “இதை அண்டைக்கே சொல்லியிருந்தா நான் இவ்வளவு நெருக்கித் தைச்சிருக்க மாட்டன்” என்றாள். சட்டை முழுதும் வெளிறி வைக்கோல் நிறமாகிவிட்டது. நாடா இருந்த இரண்டு விரல் இடத்தில் மட்டும் அந்த நாள் பச்சை அப்படியே இருக்கிறது.

நாடா இப்போது சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. எறிவதா, உமக்கு அனுப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை. அதை நீர்தான் சொல்ல வேண்டும். உம்முடைய கடிதம் வரும்வரை மேசையின் அந்தப் பக்கத்தைத் துடைக்க வேண்டாம் என்று குணவதியிடம் சொல்லியிருக்கிறேன். கெதியாக எழுதும், அவள் எத்தனை நாளைக்குப் பொறுப்பாள் என்று தெரியாது.

நிலாணியும் நீரும் நன்றாக இருக்க வேண்டும். மழைக்குள் வெளியே போகாதேயும். கால் ஈரமானால் உடனே துடைத்துவிடும்.

பொன்னம்பலம்